எதிர்ப்பக்கத்துக் கோடு

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்க் காப்பி கலக்குகிற ஆள் நான். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியாத இருட்டில் மரம் சீவப் போயிருக்கிறேன். கூட வந்தவர்கள் வெள்ளைச் சேலை என்பார்கள், கொலுசுச் சத்தம் என்பார்கள், அந்த மர வரிசைக்கு, அந்த நிரைக்குத் தனியாகப் போகாதே என்பார்கள். நான் போனேன். என் காலைப் பிடித்ததெல்லாம் அட்டைதான். அதனால் இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன்.

இதில் பேயும் இல்லை, நடுச்சாமமும் இல்லை. பட்டப்பகலில், ஈப்போ புந்தோங்கில், எங்கள் வீட்டு முன் ஹாலில், டிவி கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது நடந்தது.

கல்யாணமாகி இரண்டு தடவை முழுகாமல் இருந்தேன், இரண்டும் தங்கவில்லை. அதை விவரமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது. மூன்றாம் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பிள்ளை வேண்டுமென்றால் படுத்தே இருக்க வேண்டும், பாத்ரூமுக்குப் போவதைத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று. உட்கார்ந்து சாப்பிடக்கூடப் பொறுமை இல்லாத எனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஹாலில் மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ராஜு பஸ் டிரைவர். ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் ஓட்டினார், அப்போது அந்த ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பேர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அவருடைய அக்கா, பாக்கியம் அக்கா, பின் சந்தில் குடியிருந்தார். காலையில் வந்து சமைத்து, மத்தியானம் எனக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் சுவரில் இருக்கும் பல்லியும்தான்.

"சும்மா கெடக்காம வயித்துப் பிள்ளகிட்ட பேசு செல்வி, அதுக்குக் கேக்கும்" என்பார் அக்கா. நான் பேச மாட்டேன். முதல் தடவை நாள் பூராவும் பேசினேன், பாட்டுப் பாடினேன், பேர்கூட வைத்திருந்தேன். அது போன பிறகு வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பேசியதே எனக்குக் கேட்டது. இந்தத் தடவை வயிற்றைத் தடவிக்கூடக் கொடுப்பதில்லை. நான் ஆசைப்படுவது தெரிந்தால் இதையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம், யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் கிடந்து புழுங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ராஜு ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டியோடு வந்தார். தெலுக் அன்சன் காப்பிக்கடையின் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டானாம், பெட்டி மூலையில் சும்மா கிடந்ததாம். டிவியின் ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு இதைச் சொருக வேண்டும். கறுப்புத் திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு சதுரப் பந்து. ஆளுக்கு ஒரு வயர், வயர் முனையில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் நம் கோடு மேலே கீழே போகும், வருகிற பந்தைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

"படுத்துக்கிட்டே வெளையாடலாம்லா. கைக்கு மட்டும்தான் வேல" என்றார்.

"பிள்ளத்தாச்சி டிவிய மொறச்சிப் பாத்துக்கிட்டே இருந்தா பிள்ளைக்குக் கண்ணு என்னாவுறது?" என்று பாக்கியம் அக்கா ஆரம்பித்தார்.

"அப்ப நீங்க வந்து வெளையாடுங்கக்கா, நான் போயி சமைக்கிறேன்" என்றேன். இரண்டு நாள் கழித்துக் கையில் கரண்டியோடு நின்று அக்காவே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ராஜு வந்து குளித்து, சாரோங் கட்டிக்கொண்டு, என் மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். டொக், டொக் என்று ஆடுவோம். எனக்குத் தோற்கப் பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் எப்போதும் தோற்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன, பாவம் பாத்து விட்டுக் குடுக்கிறீங்களா?"

"பஸ்ஸு ஸ்டேரிங் புடிச்ச கை, செல்வி. கொஞ்சமாத் திருப்பத் தெரியல" என்றார். விட்டுத்தான் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம்தான் அன்றாடம் எனக்குப் பயமில்லாத நேரம், அது அவருக்குத் தெரியும். அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிறகு ஒரு எலி அவர் பக்கத்து வயரைக் கடித்துவிட்டது. "ரோசாக் ஆயிருச்சு, இனி வேல செய்யாது" என்று சொல்லி அந்த வயரையும் குமிழையும் பெட்டியிலிருந்து உருவி, டவுனில் ஒரு ரேடியோ கடையில் கொடுத்துவிட்டு வந்தார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிராளியின் குமிழ் பெட்டியில் இல்லை, வீட்டிலேயே இல்லை. "நாளைக்கி எடுத்துக்கிட்டு வாரேன்" என்று தினமும் சொல்வார், தினமும் மறந்துவிடுவார்.

எதிர்ப்பக்கத்துக் கோடு மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு செத்ததுபோல் நின்றது. மத்தியானத்தில் டிவியில் நிகழ்ச்சியும் கிடையாது, சாயங்காலம்தான் ஆரம்பிப்பார்கள். வேறு வழியில்லாமல் நான் அந்தக் கோட்டோடு ஆடினேன். எல்லாப் பந்தும் அதைத் தாண்டிப் போகும், எல்லா ஆட்டமும் நானே ஜெயிப்பேன். ஜெயித்து ஜெயித்து எனக்கு அலுத்தே போனது.

அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் டொக் டொக் சத்தம்கூடக் கேட்கவில்லை. பாக்கியம் அக்கா போய்விட்டிருந்தார். நான் பந்தை அடித்தேன், எதிர்ப்பக்கத்துக் கோடு மெதுவாகக் கீழே இறங்கியது.

நம்பினால் நம்புங்கள், நான் பயப்படவில்லை. மழையில் கரண்டு ஏறி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்ததையும் அடித்தேன். கோடு ஓடியது. பந்தை விட்டுவிட்டு அதற்கப்பால் ஓடியது, பிறகு திரும்பி ஓடி வந்தது. அடுத்த பந்துக்கும் அப்படியே. விளையாடத் தெரியாதவர்கள் எப்படித் தடுமாறுவார்களோ அப்படி. கரண்டு ஏறி இறங்கினால் கோடு நடுங்கும், பந்தைத் தேடிக்கொண்டு ஓடாது.

எனக்குப் பொறுக்கவில்லை, யாராவது தப்பாக ஆடினால் எனக்குப் பொறுக்காது. "ஓடாத, பந்து ஒங்கிட்டதான் வரும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கோடு கீழே போய்க் கீழ் மூலையில் நின்றது. நான் சாய்வாக அடித்தேன், பந்து அங்கேதான் போனது, அதில் பட்டுத் திரும்பி வந்தது. அதை எதிர்பார்க்காததால் நான் விட்டுவிட்டேன். ஒரு பாயின்ட் எதிராளிக்கு. உடனே அந்தக் கோடு விறுவிறு என்று மேலே ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி இறங்கியது. குதிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

சாயங்காலம் ராஜுவிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்து பார்த்தார், கோடு மேல் மூலையை விட்டு அசையவில்லை. "பக்கத்து வீட்டுல எவனாவது இதே மாதிரி கேம் வச்சிருப்பான், அது நம்ம டிவியில வந்து விழுவுது" என்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்தோம், யாரிடமும் இல்லை. ராத்திரி என் தலையைத் தடவிக்கொண்டே, "தனியாக் கெடக்குறதுதான் ஒனக்கு ஆவல. நான் லீவு போடட்டா?" என்றார். எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஆனால் கோடு வந்தது. மத்தியானத்தில், நான் தனியாக இருந்தால் மட்டும். கீழ் மூலைதான் அதற்குப் பிடித்த இடம். பாயின்ட் எடுத்தால் இரண்டு தடவை குதிக்கும். நான் அதனோடு பேசிக்கொண்டே இருந்தேன், பாக்கியம் அக்கா மீன்குழம்பில் உப்பை மறந்தது, ராஜு குமிழை மறந்தது, தோட்டத்தில் நான் அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்தது, எல்லாம். வயிற்றுக்குள் ஏதோ புரளத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிற சந்தோஷம் மட்டும் இருந்தது.

எட்டாம் மாதம். அன்றைக்கு நல்ல வெயில், அக்கா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அவர் போகட்டும் என்றுகூடக் காத்திராமல் நான் டிவியைப் போட்டுவிட்டேன். கோடு மேல் மூலையில் இல்லை. ஏற்கெனவே கீழ் மூலையில் கிடந்தது. நான் அடித்தேன், அது அசையவில்லை. பந்து நேராக அதன்மேல் போய் விழும்படி அடித்தேன், பட்டுத் திரும்பியது, அது குதிக்கவில்லை. "என்ன, கோவமா?" என்றேன். கோடு கொஞ்சம் மேலே வரப் பார்த்தது. வர முடியாமல் மறுபடியும் கீழே இறங்கிவிட்டது.

"வாடா கண்ணு, வா" என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டது என் வாய்தான், என் கை தானாக வயிற்றில் போய் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து வயிறு அசையவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பாக்கியம் அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். "வலிக்குதா?"

"இல்ல."

"ரத்தம் படுதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"என்னால சொல்ல முடியலக்கா. இப்பவே போவணும்." நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுச் சீனரின் காய்கறி வேனைக் கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், என் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு குழாயை அப்படியே போட்டுவிட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார். அறுத்துத்தான் எடுத்தார்கள். தொப்புள்கொடி கழுத்தை இறுக்கியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காதாம். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். டிரைவர் சட்டையோடு ஓடி வந்த ராஜு அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று டாக்டர் கேட்டார். அசையவில்லை என்று சொன்னேன். தாய்க்குத் தெரியும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தாய்க்குத் தெரியவில்லை, கோடு காட்டித்தான் தெரிந்தது.

வாணி என்று பேர் வைத்தோம். பெட்டியை அலமாரி மேலே ஏற்றிவைத்தேன், அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் வருஷ லீவில் ராஜு எதையோ தேடும்போது பெட்டி கையில் அகப்பட்டது. ரேடியோ கடைக்காரர் எப்போதோ சரிபண்ணிக் கொடுத்திருந்த குமிழும் கூடவே இருந்தது. வாணி அதற்கு முன்னால் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். ராஜு சொல்லிக்கொடுக்க வாயைத் திறப்பதற்குள் அவள் கோடு விறுவிறு என்று கீழே இறங்கிக் கீழ் மூலையில் போய் நின்றது.

குமிழைத் திருக மறந்து பந்தை விட்டுவிட்டேன். எதிர்ப்பக்கத்துக் கோடு மேலே ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி இறங்கியது. அடுத்த பந்து வரும்போது வாணி தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"ஓடாத, பந்து ஒங்கிட்டதான் வரும்."

ராஜு சிரித்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"அம்மாதான்."

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றேன்.

"அன்னிக்குத்தாம்மா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழ பேஞ்சிக்கிட்டு இருந்திச்சே."

ராஜுவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏரியலைப் பார்த்துவிட்டு வாரேன் என்று சொல்லி வெளியே போனவர் ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. நான் ஆடினேன், தோற்றேன், தோற்றது எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை.

இப்போது அவளிடம் கலர் கலரான புது கேம் இருக்கிறது. லீவு நாளில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். எந்த ஆட்டமானாலும் ஜெயித்ததும் திரையில் இருக்கும் தன் ஆளை அவள் இரண்டு தடவை குதிக்க வைப்பாள். அவள் தலையை வாரிவிடும்போது, காய்ச்சலில் என் மடியில் படுத்திருக்கும்போது, ஒன்று கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அந்தக் கடைசி நாள் கீழ் மூலையில் கிடந்தாயே, வாடா கண்ணு என்று நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதா என்று. இன்று வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.