இரத்தினவேலும் கூரையில்லாத கோயில்களும்

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்னில் இரண்டு இரத்தினவேல்கள் இருக்கிறார்கள். ஒருவர் இன்சூரன்ஸ்காரர். மற்றவரைக் "கல்லு இரத்தினவேல்" என்று கேட்டால் குழந்தைப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். அறுபத்தொரு வயது, முப்பத்துமூன்று வருடமாக டைல்ஸ் பதிக்கிறார். ஸ்காபரோவின் பாதிக் குளியலறைகளில் அவர் முழந்தாள் பட்டிருக்கிறது. ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. லீவு கிடைத்தால் மற்றவர்கள் கியூபாவுக்குப் போய்க் கறுத்துக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் பழனி, திருச்செந்தூர் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். இவர் மத்தியதரைக் கடலில் கிடக்கும் தீவுகளுக்குப் போய் ஐயாயிரம் வருடத்துக் கற்களைப் பார்த்துவிட்டு வருவார். பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை. கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் அகப்பட்டவருக்குப் போனைத் திறந்து ஒவ்வொரு படமாகக் காட்டுவார். ஒன்றிலும் ஆள் இருக்காது, கடலும் இருக்காது. இரண்டு கல்லும் சேருகிற மூட்டு மட்டும் இருக்கும். சோறு போடுகிறார்கள் என்று சொல்லித்தான் தப்பவேண்டும்.

இந்த விசர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து அஜின்கோர்ட்டில் பிடித்தது. ஸ்டெபனி என்ற மால்டாக்காரியின் குசினிக்கு டைல்ஸ் பதிக்கப் போனவர், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஒரு பழைய வாசல். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைப் போட்டால் வாசல் வந்துவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். இந்த வாசலோ ஒரே கல்லின் நடுவில் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு டைலின் நடுவில் குழாய்க்குத் துளை போடுவதே எவ்வளவு கரைச்சல் என்று அவருக்குத் தெரியும். இரும்பே இல்லாத காலத்தில் ஒருவன் வேலையை ஏன் இப்படித் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டான்? ஸ்டெபனியைக் கேட்டார். அவளுக்கும் தெரியாது. போய்ப் பார் என்று சிரித்தாள். அடுத்த மாசி மாதம் இவர் உண்மையிலேயே போய்விட்டார்.

மால்டாவின் தெற்குக் கரையில் ஹஜார் இம் என்று ஒரு இடம். கடலைப் பார்த்தபடி மஞ்சள் கற்களால் கட்டிய கோயில். எகிப்துப் பிரமிட்டுகளுக்கும் மூத்தது. வாசலுக்கு வந்ததும் இரத்தினவேல் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். கோயிலென்று பலகையில் எழுதியிருக்கிறதே, வேறு என்ன செய்வார்? சப்பாத்துக்குள் கல்லுப் போய்விட்டதா என்று காவலாளி அக்கறையாகக் கேட்டான். பிறகு இவர் பையிலிருந்து லெவலை எடுத்து வாசற்படியில் வைத்து மட்டம் பார்த்தபோது அந்த அக்கறை போய்விட்டது. கல்லைத் தொடக்கூடாது என்று ஒரு அதட்டல் போட்டான். ஆனால் அந்த ஒரு நொடியில் குமிழி எங்கே நின்றதென்று இவர் பார்த்துவிட்டார். நடுவில், துல்லியமாக நடுவில் நின்றது. அதை இன்றைக்குச் சொன்னாலும் அவருக்கு மயிர் கூச்செறியும்.

பிறகு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பயணந்தான். சார்டீனியாவில் சாந்து என்ற பேச்சே இல்லாமல் அடுக்கிய கோபுரங்களுக்குள் ஏறி இறங்கினார். மெனோர்காவில் ஒற்றைக் கல்லை நிறுத்தி அதன் தலையில் இன்னொரு கல்லை மேசைபோல ஏற்றி வைத்திருக்கிறார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து அன்றைய கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். மால்டாவுக்கு மட்டும் நாலு தடவை. கதவைத் தாழிட மரக்கட்டை செருகும் ஓட்டைகள் அங்கே வாசற் கற்களின் உட்பக்கத்தில் இருக்கின்றன. அப்படியென்றால் உள்ளே நின்று பூட்டிக்கொண்டது யார், வெளியே யாரை நிறுத்தினார்கள்? இவருக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி ரதி ஒரே ஒரு தடவை கூடப்போனார். சாமியுமில்லை, விளக்குமில்லை, பிரசாதமுமில்லை. இப்படி ஒரு கோயிலைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லையென்று திரும்பி வந்து எல்லோருக்கும் சொன்னார்.

இத்தனை கோயிலையும் பார்த்தவருக்கு ஒன்று மட்டும் அகப்படவில்லை: கூரை. நிலமும் சுவரும் வாசலும் நிற்கின்றன. மேலே என்ன இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கல்லென்கிறான் ஒருவன், மரமென்கிறான் இன்னொருவன். அதற்கான விடை மண்ணுக்குக் கீழே இருப்பதாக இரத்தினவேல் நம்பினார். அதே மால்டாவில், அதே காலத்து ஆட்கள், பாறையைக் குடைந்து மூன்று தட்டில் ஒரு நிலவறை செய்திருக்கிறார்கள். அதிலே ஓர் அறையில், மேலே கட்டிய கோயிலின் கூரை எப்படி இருந்திருக்குமோ அப்படியே, வளையம் வளையமாக உள்நோக்கி வருவதுபோலப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வீடு கட்டத் தண்ணீர்த்தொட்டி வெட்டியவர்கள்தான் நூற்றிருபது வருடத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்தது. கண்டவர்கள் கொஞ்சக் காலம் வாயே திறக்கவில்லையாம். ஏனென்று இரத்தினவேலுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் வேலை நின்றுவிடும்.

அந்த நிலவறைக்குள் மணிக்குப் பத்துப் பேரைத்தான் விடுவார்கள், படமும் எடுக்க விடமாட்டார்கள். இதற்கென்று முதல் தடவை முயன்றபோது டிக்கெட் எப்போதோ முடிந்திருந்தது. இரண்டாம் தடவை டிக்கெட் இருந்தது, டொரோண்டோப் பனி விமானத்தை விடவில்லை. இந்த முறை ஐந்து மாதத்துக்கு முன்பே பதிந்துவிட்டார்: மார்ச் பத்தொன்பது, காலை பதினொரு மணி. வரும் கோடையில் இரண்டு முழங்காலுக்கும் ஒபரேஷன். அதற்குப் பிறகு இடுங்கின படிகளில் இறங்குவதை மறந்துவிடச் சொல்லியிருந்தார் டொக்டர். ஆகவே இந்த முறை விட்டால் அந்தக் கூரை அவ்வளவுதான்.

மார்ச் ஒன்பதாம் திகதி ஜேர்மனியிலிருந்து செய்தி வந்தது. இரத்தினவேலின் அண்ணன் ஞானவேல் காலமாகிவிட்டார். கூடப்பிறந்தது அந்த ஒருவர்தான்.

செய்தியைக் கேட்டு இரத்தினவேல் அழவில்லை. பதினேழு வருடமாக அவர் அண்ணனோடு பேச்சுவார்த்தையில்லை. பெயரைச் சொல்லவேண்டி வந்தால் "ஜேர்மன்காரர்" என்பார். காணிச் சண்டையல்ல, காசுமல்ல. அண்ணனோடு இருந்த தாய் அங்கே செத்தபோது, இங்கே விமானங்கள் பனியில் நின்றுவிட்டன. இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்று இவர் போனில் கெஞ்சினார். மண்டபம் கிடைக்காது, ஐயர் கிடைக்காது என்று அண்ணன் குறித்த நாளிலேயே பிரேதத்தை எடுத்துவிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது தாய் ஒரு பெட்டிக்குள் சாம்பலாக இருந்தார். அன்றைக்கு வாயை மூடியவர்தான். மால்டாவுக்கும் சார்டீனியாவுக்கும் பிராங்போர்ட்டில் மாறித்தான் போகவேண்டும். அண்ணனின் வீடு அங்கிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு மணித்தியாலம் அந்த விமான நிலையத்தில் குந்தியிருந்துவிட்டு, ஒரு போன்கூட எடுக்காமல் விமானம் ஏறியிருக்கிறார். ஒரு தடவை ரயில் மேடைவரைக்கும் இறங்கிப் போய், ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதை ரதிக்கும் சொல்லவில்லை.

செத்த வீட்டுக்குத் தான் போகப்போவதில்லை, குறித்தபடி மால்டாவுக்குப் போகிறேன் என்று இரத்தினவேல் அறிவித்தார். ரதி செத்த வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் பிடித்தது வேறு பிடி. அண்ணன் செத்தால் தம்பிக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொன்று முடியாமல் கோயில் வாசலை மிதிப்பது எங்கேயுள்ள வழக்கம் என்று கேட்டார்.

பேசாத ஆளோடு தனக்கென்ன துடக்கு என்றார் இரத்தினவேல். துடக்கு பேச்சில் வருவதில்லை, இரத்தத்தில் வருவது என்றார் ரதி. அது உண்மையில் கோயிலே இல்லை, பழைய கட்டடம் என்றார் இவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனது நீங்கள்தானே என்று ரதி திருப்பிக் கேட்டார்.

மனிதர் லேசில் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சுபாங்கியைப் பிடித்தார். அவள் பத்து நிமிடம் லப்டொப்பில் தேடிவிட்டு, "அப்பா, இது டெம்பிள் மட்டும் இல்லை, பேசிக்கலி ஒரு செமட்ரி. ஏழாயிரம் பேரை அங்கை தாட்டிருக்கினம்" என்றாள். இரத்தினவேலுக்குக் கண் திறந்ததுபோல ஆகிவிட்டது. சுடலைக்குப் போகத் துடக்கு ஏது? துடக்குக்காரன்தானே சுடலைக்குப் போகிறான்! உடனே தெரிந்த ஐயரைக் கூப்பிட்டு, பாறைக்குள் குடைந்த இடம், பூசையில்லை, மணியில்லை, எலும்புகள்தான் என்று கவனமாக விளக்கினார். ஐயர் கொஞ்சம் யோசித்தார். நித்திய பூசை இல்லாத இடத்தில் துடக்கு இல்லை, திரும்பி வந்ததும் தலைக்குத் தோய்ந்தால் போதும் என்று சொன்னார். இரத்தினவேல் வழக்கில் வென்றவர்போல வீட்டுக்குள் நடந்து திரிந்தார். சூட்கேசையும் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தெடுத்தார்.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது ஐயர் சொன்னதை ரதிக்கு இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அது. ரதி சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"கோயிலெண்டாலும் சரி, சுடலையெண்டாலும் சரி" என்றார். "அந்தாள் உங்களுக்கு ஒருத்தருமில்லையெண்டால், ரெண்டு நாளா ஏன் எல்லாரிட்டையும் துடக்குக் கேட்டுக்கொண்டு திரியிறியள்?"

அதிலே கோபமில்லை. தெரியாமல்தான் கேட்டார்போல இருந்தது. இரத்தினவேல் வான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு ரூஜ் பகுதியில் ஒரு புது வீட்டில் வேலை. நடுக்கோடு பிடித்து முதல் டைலை வைத்தார். அது மட்டத்துக்கு வரவில்லை. கழற்றி வைத்தார், மறுபடியும் வரவில்லை. முப்பத்துமூன்று வருடத்தில் அவருக்கு இப்படி நடந்ததில்லை. அந்நியன் ஒருவன் செத்திருந்தால் தான் ஐயரைக் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு லேசான விஷயம், மனைவி சொல்லும்வரைக்கும் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கையைத் துடைத்துவிட்டு, வெறும் நிலத்தில் இருந்தபடியே அண்ணனின் மகன் பிரியந்தனுக்குப் போன் எடுத்தார். இலக்கத்தை ரதி முதல்நாளே போனில் போட்டு வைத்திருந்தார்.

பெடியன் சின்னதில் பார்த்தது. இப்போது குரல் தகப்பனின் குரல். "சித்தப்பாவோ?" என்று கேட்டான்.

"உங்களுக்குத்தான் போன் எடுக்க நினைச்சனான். செத்த வீட்டுக்கு ஹோல் பத்தொன்பதாம் திகதி கிடைக்குது. அதை விட்டால் இருபத்தேழு. எதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். தம்பி வரும்வரைக்கும் எடுக்கவேண்டாமெண்டு அப்பா சொன்னவர். எத்தினை நாளெண்டாலும் பொறுக்கச் சொன்னவர்."

இரத்தினவேலுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்க்கவில்லை, யாருமில்லாத வீடு, பெரிய சத்தமாகவே அழுதார். மறுமுனையில் பெடியன் பொறுமையாக நின்றான். அழுதுகொண்டிருந்த அதே தலைக்குள் நாட்கணக்கும் ஓடியது. கணக்குப் பிழையில்லாமல் வந்தது. பத்தொன்பதில் நிலவறைக்குள் இறங்கலாம், கூரையைப் பார்க்கலாம், இருபத்தேழில் அண்ணனிடம் வந்து நிற்கலாம். அண்ணன் பொறுத்திருப்பார். பதினேழு வருடத்துக்கு முன் அவரிடம் இவர் கெஞ்சிக் கேட்டது அதைத்தானே.

"பத்தொன்பதாம் திகதியே வையுங்கோ" என்றார்.

லீவு எடுக்கக் கஷ்டமென்றால், அல்லது அன்றைக்கு ஏதாவது அலுவல் குறித்திருந்தால் சொல்லுங்கள், பிந்தி வைக்கலாம், தங்களுக்கு ஒரு கரைச்சலுமில்லை என்றான் பிரியந்தன்.

"அண்டைக்கு எனக்கு ஒரு அலுவலும் இல்லை, தம்பி" என்றார் இரத்தினவேல்.