வெள்ளைக்காரன் விழும் விதம்

காலை ஐந்து நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கால். மாடிப்படித் திருப்பத்தில், கைப்பிடிச் சுவருக்கு மேலே, நீலச் சீருடைக்குள் விறைத்து நின்றது. அடுத்த கணம் ஓர் உடல் படிகளில் உருண்டு போனது. நான் எட்டிப் பார்த்தபோது அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பயந்துட்டீயளா அண்ணாச்சி? சும்மா பழகுதேன்."

ஸ்ரீபெரும்புதூரில் அந்த வீட்டு மாடியில் குடியிருந்து ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கீழ் அறையில் கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் ஆறு பேர். ஒரகடம் சாலையில், காருக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பயிற்சியாளர்கள். படியில் உருண்டவனும் அவர்களில் ஒருவன்; இவனுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி முடியும் தறுவாய். முடிந்தால் வேலை நிரந்தரமாகும், அல்லது ஊருக்குப் பேருந்து.

அறையில் கூட்டாக வாங்கிய டிவியும் விசிடி பிளேயரும் இருந்தன. பேருந்து நிலையத்து நடைபாதையில் அட்டை இல்லாமல் விற்ற விசிடி தட்டுகளில்தான் ஒரு பிரிட்டிஷ் நடிகன் இவர்களுக்குக் கிடைத்தான். முதல் தட்டில் அவன் பேசவே இல்லை. ஏணி, கதவு, தண்ணீர்க் குழாய், எது எதிரே வந்தாலும் அதனிடம் தோற்றான். அடுத்தடுத்த தட்டுகளில் பாதிரியாராக, ராணுவ அதிகாரியாக, கிழட்டு அரசனாக வந்தான். தாடிக்குள் இருந்தாலும் அவனை இவன் கண்டுபிடித்துவிடுவான்.

"மூஞ்சியப் பாக்காதீய. விழுறதுக்கு முன்னால எடது தோளு எறங்கும். அத வச்சே சொல்லுவேன்."

கடைசியாக வாங்கியது சிரிப்புப் படமல்ல. அதில் அந்த நடிகன் கொலைகாரன்; முடிவில் சுடப்படுகிறான். அதே தோள் இறங்கியது. அதே அரை வட்டம் திரும்பி, அதே போலத் தரையில் உட்கார்ந்தான். "ஏல, மாத்துல இத" என்றான் ஒருவன். இவன் மட்டும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு நாடகம் போடும்படி பாதுகாப்பு அதிகாரி இவனைக் கேட்டிருந்தார். படிக்கட்டுப் பழக்கம் அதற்காகத்தான். நாடகம் மேலே இருப்பவர்கள் கண்ணில் படும், வேலை நிரந்தரமாகும் என்று நம்பினான்.

செய்தியாளனாக நானும் போயிருந்தேன். அங்கிருந்த தகடு அடிக்கும் பழைய பிரஸ் மெஷின், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நாடகத்தில் இவன் ஒரு பொத்தான் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி அமுக்கி வைத்தான். சும்மா இருந்த கையால் தலை வாரினான், வடை தின்றான், ஈ ஓட்டினான். ஈ போய் பிரஸுக்குள், தகடு வைக்கும் அச்சின் மேல் உட்கார்ந்தது. கை பின்னாலேயே போனது. தோள் இறங்கியது, அரை வட்டம், தரை. சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு முன் வரிசையில் இரண்டு பேர் சிரிக்கவில்லை.

"மச்சி, டேப்பு ஒட்னா மெய்யாலுமே ஓடுமா?"

"ஓடுச்சே, பாத்தல்ல?"

மறுவாரம் டீக்கடையில் இவன் சொன்னான்: மூன்று மெஷினில் டேப் ஏறிவிட்டது. ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அடிக்கிறார்கள். உற்பத்தி கூடியது. கூடியதும் இலக்கையும் கூட்டிவிட்டார்கள். இரண்டு கையால் அடிப்பவனுக்கு எட்டாத இலக்கு.

"சூப்பர்வைசர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணாச்சி. 'இன்னாபா, நீதான மேடை ஏறிக் கத்துக் குடுத்த? இப்போ வந்து பேசிக்கினு கீற. போ, உன் லைனப் பாரு'ன்னுட்டாரு."

"நீ எப்படி அடிக்கிற?"

"ரெண்டு கையாலதான்." டீயை ஊதிக்கொண்டே இருந்தான். "எண்ணிக்கைல நான்தான் கடைசி. மாசத்தோட பயிற்சி முடியுது, இன்னும் ஒம்பது நாளு கெடக்கு."

அதன்பின் காலையில் படிக்கட்டில் சத்தம் இல்லை. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், குழாய் அருகே அவன் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலில் கறுப்பாகப் பசை. என்னைப் பார்த்ததும் கையை வாளிக்குள் விட்டான்.

"போவல அண்ணாச்சி, இந்தக் கருமம்" என்றான்.

டீக்கடையில் பேசிய ஐந்தாம் நாள் பிற்பகல் ஷிப்ட் பேருந்தில் ஐந்து பேர் திரும்பினார்கள். அவர்கள் சொன்னது: பிரஸுக்குள் வலது கை. கையைப் பிடித்துக்கொண்டு அவன் அரை வட்டம் திரும்பித் தரையில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த மெஷின்காரன் கை தட்டியிருக்கிறான். ரத்தம் கண்ணில் படும்வரை தட்டியிருக்கிறான்.

மருத்துவமனைக்குப் போனேன். கட்டுக்குள் எத்தனை விரல் என்று யாரும் சொல்லவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"டேப்ப எடுத்துட்டாங்களா அண்ணாச்சி?"

எடுத்துவிட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் எல்லாப் பொத்தானையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார்களாம்.

அவனுடைய பயிற்சிக் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது.