லோடுக்குள் ஒளிந்த ராஜா

இஸ்ரவேலர் சவுலைத் தங்கள் முதல் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தபோது அவன் மூட்டைமுடிச்சுகளுக்குள் ஒளிந்திருந்தான் என்று வேதத்தில் படித்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை தட்டியது.

நாரணாபுரத்தில் எங்கள் சின்னச் சபைக்கு அப்போது தலைவர் இல்லை. இருந்தவர் பாதியில் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டார். தீபாவளி ஆர்டர் குவியத் தொடங்கியதால் பட்டாசுக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் விடும்படி முதலாளியிடம் கேட்க ஆள் வேண்டும். யாரைப் போடுவது என்று சபையில் ஓயாத சண்டை.

பி.யூ.சி. படித்த வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்றேன்.

“திருவுளச்சீட்டுப் போடுவோம். சவுலுக்கும் அப்படித்தான் போட்டாக. வாலிபர் பேரெல்லாம் எழுதுங்க. பேர் விழுந்தவர் மறுக்கக் கூடாது. ஒரு வருசம் ஊரை விட்டும் போகக் கூடாது.”

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மதுரையில் பி.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. இருந்தும், இத்தனை பேரில் என் பேரா விழப்போகிறது என்ற தைரியம்.

போதகர் சீட்டைப் பிரித்து என் பேரை வாசித்தார்.

எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றது. அதன் மறைவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏலே, ராசாவக் காணோமே!” என்று உள்ளே யாரோ கத்தினார்கள்.

“லோடுக்குள்ள பாருங்க, அங்கனதான் இருப்பாக” என்றபடியே வந்துவிட்டாள், கம்பெனியில் திரி வெட்டும் அக்கா. பின்னாலேயே ஒரு கூட்டம்.

“சவுலாவது நல்ல நெட்டை. இது எம்புட்டு உயரம்?” என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

“அக்கா, எனக்குக் காலேஜ் இருக்கு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “எங்களுக்குக் கோயிலு இருக்கு, போக விட மாட்டேங்காக. திருவுளம்னு நீங்கதான தம்பி சொன்னீக?”

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வெறும் சீட்டு என்று சொல்லியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். திருவுளம் என்றல்லவா சொல்லித் தொலைத்தேன்!

அந்த வாரம் முழுக்க ராஜாக்களின் கதையையே புரட்டினேன், எங்காவது ஒரு வாசல் திறந்திருக்காதா என்று. சவுலை வெளியே இழுத்து முடிசூட்டிய பிறகும் அவன் பயம் போகவில்லை. ஜனங்களுக்குப் பயந்தே தப்புக்கு மேல் தப்புப் பண்ணினான். அவனுக்குப் பின் ராஜாவான தாவீதோ அபிஷேகம் ஆன பிறகும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அரண்மனைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடும்வரை அவனுக்கு அவசரமே இல்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மதுரை பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.

கல்லூரியில் சேர நாளைதான் கடைசி நாள். நாளைக் காலை முதலாளியின் கார் வருமுன் நானும் அந்த அக்காவும் கம்பெனி வாசலில் நிற்கப்போகிறோம். முதல் வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மதுரை பஸ் அந்த வாசலைக் கடந்துதான் போகும். அது வரும்போது ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.