நிறத் திருகு

மங்கலாக எதைப் பார்த்தாலும் அவனுக்குப் பொறுக்காது. டம்ளரில் விரல் ரேகை தெரிந்தால் எழுந்துபோய்க் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். அம்மா வழியில் எல்லாருக்கும் அப்படிக் கூர்மையான கண். பெரிய மாமா எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று இங்கிருந்தே சொல்வார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கட்டின மனைவியின் முகவாட்டத்தை மட்டும் அவர் கடைசிவரை பார்க்கவில்லை, அது வேறு கதை. அந்தக் கண் இவனுக்கு அப்படியே இறங்கியிருந்தது. சொந்தக்காரர்கள் 'துல்லியம்' என்று பேர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்தது, பிறகு முகத்துக்கு நேரேயே வந்துவிட்டது. அவனும் அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டான்.

தொழில் டிவி ரிப்பேர். பெட்டி டிவி இருந்த காலத்தில் கடை வாசலில் ஆள் நிற்க இடமிருக்காது. பிறகு தட்டை டிவி வந்தது. கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். கடை படுத்துவிட்டது. காலி செய்த அன்று அவன் திட்டினது தட்டை டிவியை அல்ல, பெட்டி டிவியைத்தான். "இத்தனை வருஷம் இந்தப் பொணத்தையா சுமந்தேன்!" இடுப்பு வலி அதைத் தூக்கித் தூக்கி வந்தது. நடுவிரலில் இருந்த தழும்பு அது அடித்த ஷாக். அன்றிலிருந்து படக்குழாய் வைத்த டிவியைக் கண்டால் ஆகாத சம்பந்தியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பிறகு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் உண்டே, தட்டச்சுப் பலகை மாதிரி ஒன்று மட்டும் இருக்கும், பின்னால் வரும் கம்பியை டிவியின் ஏரியல் துளையில் செருகவேண்டும். அவற்றைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டும் கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. இன்றைய திரையில் சொருகினால் படம் பனிமூட்டமாக வரும், இல்லையென்றால் வரவே வராது. துல்லியம் அதைத் திறப்பான். படத்தை ஏரியல் அலையாக மாற்றும் தகர டப்பா உள்ளே இருக்கும், அதைப் பிடுங்கி எறிவான். சிப்பின் காலிலிருந்து நேராகக் கம்பி இழுத்து, சின்னச் சர்க்யூட் பலகை ஒன்றின் வழியாகப் புதுத் திரைக்குக் கொடுப்பான். எழுத்து அச்சடித்ததுபோல நிற்கும். பழைய டிவியில் எழுத்தின் ஓரமெல்லாம் பச்சையும் ஊதாவும் கசியும். அதை அவன் சீழ் என்பான். "சீழை எடுத்துட்டேன், பாருங்க." பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அவனுடைய அக்கா வீட்டிலும் அப்படியொரு மெஷின் இருந்தது.

அக்காவுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடம் சேர்த்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அக்கா சோறு தண்ணீர் இல்லாமல் பிள்ளையின் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். இவளும் போய்விடுவாளோ என்று பயந்த அத்தான் ஒருநாள் எல்லாப் போட்டோவையும் தகர வாளியில் போட்டுக் கொளுத்திவிட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். அக்கா அதற்குப் பிறகு சாப்பிட்டாள். அவரோடு மட்டும் பேசவில்லை.

அத்தான் ஒரு கம்பெனியில் கணக்கர். பேச ஆளில்லாத வீட்டில் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக, பிள்ளையின் முகத்தை நினைவிலிருந்து வரைந்தார். மாதக் கணக்கில் வரைந்தார். ஒருநாள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவிக்கு முன்னால் நிறுத்தினார். பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "காது கொஞ்சம் பெருசு." அப்படித்தான் அவர்களுக்குள் பேச்சு திரும்பவும் ஆரம்பித்தது.

அத்தான் காலமானபிறகும் ஒவ்வொரு வருஷமும் பிள்ளையின் பிறந்தநாளில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைப் போடுவாள். தட்டச்சுச் சாவிகளின் ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தெரியாது, எந்தச் சாவிக்குப் பிறகு எந்தச் சாவி என்று விரலுக்குத் தெரியும். அத்தான் படத்தைப் பதிந்து வைத்த கேசட் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருப்பாள். அந்த நேரத்தில் தம்பியைக்கூட உள்ளே விடமாட்டாள்.

ஒரு வருஷம் பிறந்தநாளுக்கு முன்னால் டிவி இருண்டுபோனது. சத்தம் வந்தது, படம் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

"அவ முகம் தெரியணும்டா. எனக்கு அது போதும்."

"தெரியும்க்கா. கண்ணாடியில பாக்கற மாதிரி தெரியும். நீ பக்கத்து வீட்டுக்குப் போய் நாலு புறணி பேசிட்டு வா."

"இந்த டிவிய என்ன செய்யப்போற?"

"இந்தப் பெட்டியையா? இதுக்கு ஒப்பாரி வைக்கக்கூட ஆள் இல்ல இன்னைக்கு. நான் பாத்துக்கறேன்."

அந்த டிவி ரிப்பேர் பார்த்தால் சரியாகிவிடும் டிவிதான். அவன் கையில் அது அரைப்பொழுது வேலை. பின்பக்க மூடியைக்கூட அவன் கழற்றவில்லை. தெருவில் பழைய இரும்புக்காரர் போனார், கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டான். மெஷினைத் திறந்து தகர டப்பாவைப் பிடுங்கினான். சீழ் துளிகூட ஒட்டக்கூடாதென்று சுத்தமான கறுப்பு வெள்ளையாகவே கம்பி இழுத்தான். புதுத் திரையை மேசையில் வைத்து எழுத்துகளை வரவழைத்துப் பார்த்தான். ஊசியால் குத்தினதுபோல இருந்தன. அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் சுத்தம்.

பிறந்தநாளன்று அக்கா முதல்முறையாக அவனையும் உள்ளே உட்காரச் சொன்னாள். சாவிகளைத் தட்டினாள். கேசட் கத்தி ஓய்ந்தது. படம் வந்தது.

முகம் இல்லை. சீப்பின் பற்கள் மாதிரி, மேலிருந்து கீழாக, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் விலகி. அவ்வளவுதான்.

"தப்பாப் போட்டுட்டேன்போல" என்று அக்கா மறுபடி தட்டினாள். மறுபடியும் கோடுதான்.

"கேசட் கெட்டிருக்கும்க்கா" என்றான். சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. அந்த மெஷினுக்கு நிறமே கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். மெல்லிய கோடுகளை நெருக்கி வைத்தால் பெட்டி டிவி குழம்பிப்போய் அதை நிறமென்று எடுத்துக்கொள்ளும். அவன் சீழ் என்று சொன்னானே, அதே கசிவு. எந்த இடைவெளிக்கு என்ன நிறம் கசியும் என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து, அந்தக் கசிவிலேயே அத்தான் பிள்ளைக்குக் கன்னமும் உதடும் வைத்திருக்கிறார்.

"அத்தான் கோடுதான்க்கா போட்டிருக்கார். அந்த டிவிதான் அத முகமாக் காட்டியிருக்கு."

"அப்ப இத்தன வருஷம் நான் கோட்டப் பாத்தா அழுதேன்?"

அவன் புதுத் திரையை அணைத்தான்.

"பழைய டிவி எங்கடா?"

அவன் செருப்பைத் தேடி மாட்டினான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் கடை இருந்த காலத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைப்புக் கம்பி பிடித்தவள்.

"சத்தம் வந்து படம் வரலன்னா என்னன்னு எனக்கே தெரியுமே. ஏங்க, நீங்க அதத் தொறந்துகூடப் பாக்கலயா?"

"பழசு."

"உங்க அக்காவும்தான் பழசு. நீங்களும்தான்."

இரும்புக்காரரிடம் ஓடினான். அவர் சுத்தியலைக் காட்டினார். "செம்பு மட்டும் எடுத்துட்டு மிச்சத்த அன்னைக்கே ஒடச்சாச்சு சார். நீங்கதான 'நல்லா ஒடைங்க'ன்னு சொன்னீங்க?"

சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

அதன்பிறகு துல்லியம் அலைந்த அலைச்சலைப் பார்த்துப் பட்டம் வைத்தவர்களே பரிதாபப்பட்டார்கள். வாழ்நாளெல்லாம் வைத பெட்டியைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினான். எங்கேயோ ஒரு சலவைக்கடையின் பின்னறையில், துணிமூட்டைக்கு அடியில், அதே கம்பெனி, அதே அளவில் ஒன்று கிடைத்தது. தகர டப்பாவைத் திரும்பப் பற்றவைத்தான். டிவியைத் தோளில் சுமந்து அக்கா வீட்டு மாடி ஏறும்போது இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. அந்த வலி அன்று அவனுக்கு வேண்டியிருந்தது.

கேசட் கத்தி ஓய்ந்தது. முகம் வந்தது.

பச்சையாக வந்தது. பாசி படிந்த கல்லில் செதுக்கினதுபோல. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதக்கா, திருகு இருக்கு" என்று நிறத் திருகில் கையை வைத்தான். படக்குழாயும் அதன் வயசும் மாறினால் நிறமும் மாறும். பழைய டிவியில் அத்தான் திருகை எங்கே வைத்தாரோ, அது அத்தானுக்கும் அந்த டிவிக்கும்தான் தெரியும். மெல்லத் திருப்பினான். பச்சை மஞ்சளாகிச் சிவந்து ஊதாவுக்குப் போனது.

"எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு."

"கொஞ்சம் பின்னால... அது இல்ல. முன்னால. இதுவா?"

"இதாக்கா?"

"இதுன்னுதான் நெனக்கறேன். இல்லடா, இவ்வளவு சிவப்பு இல்ல. இல்ல, இருந்தாளோ?"

திருகு போகும், வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிள்ளை வந்து நின்றாள். எல்லாருக்கும் அதே பெரிய காது, எல்லாரும் வேறு வேறு பிள்ளைகள். அக்கா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள், திறந்து திரையைப் பார்த்தாள், மறுபடி மூடினாள். பார்க்கப் பார்க்க, மூடின கண்ணுக்குள்ளும் திருகு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"எனக்குத் தெரியலடா" என்றாள். "நீ கேட்டுக் கேட்டு உள்ள இருந்ததும் போச்சு. நீ சொல்லு. நீதான அவளத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சே? உன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே. என் பிள்ள என்ன நிறம்?"

அவன் திரையைப் பார்த்தான். காதோரம் ஒரு கோடு விலகியிருப்பது தெரிந்தது. திரையின் மூலையில் தூசி தெரிந்தது. அந்தப் பிள்ளையை அவன் தூக்கினதும் கொஞ்சினதும் நினைவிருந்தது. நிறம் நினைவில்லை.

அக்காவே எழுந்து டிவியை அணைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போயிடு."

"இங்க இருக்கட்டும்க்கா. இன்னொரு நாள்..."

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். அவர் கொளுத்தினப்ப எனக்கு நெனப்பாவது மிச்சம் இருந்துச்சு."

டிவியைத் தோளில் தூக்கிக்கொண்டான். படிக்கட்டில் கால் தெரியாது, பெட்டி மறைக்கும். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பார்த்துப் போ என்று சொல்லவில்லை. அவன் காலால் தடவித் தடவி ஒவ்வொரு படியாக இறங்கினான்.