பதினாறு வரி, ஒரே மூச்சு

"பதினாறு வரி, ஒரே மூச்சு! நடுவுல மூச்சு வாங்குறவன் எதுக்கு ராப் பாடணும்? போய் பலூன் ஊதட்டும்!"

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ராப் பாடகர் எரிமலை இப்படி முழங்கினார். பேட்டி எடுத்த பெண்ணுக்கு மெய்சிலிர்த்தது. எரிமலைக்கும் மெய்சிலிர்த்தது. தன் பேச்சுக்குத் தானே சிலிர்த்துக்கொள்வது அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது பாஸ்போர்ட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மேடையில் நாலு வரிக்கு ஒரு தடவை மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். ஜனங்கள் அடுத்த வரியைக் கத்தித் தீர்ப்பார்கள். அது ரசிகர்கள்மேல் தான் வைத்திருக்கும் பாசம் என்றே அவர் மனப்பூர்வமாக நம்பியிருந்தார்.

இருபது வருடம் ஒரே பெரிய இசைக் கம்பெனிக்குப் பாடினார். பதினோரு ஆல்பம். அப்புறம் ஒரு புது மேலாளர் வந்தார். எரிமலையின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்குப் பால் பல்லே விழுந்திருக்காது.

"சார், இனிமே எல்லாம் பதினஞ்சு செகண்டு வீடியோதான். கூடவே ஒரு வாத்து முகமூடி மாட்டிக்கிட்டீங்கன்னா பிச்சுக்கிட்டுப் போகும்!"

எரிமலை வெடித்தது. ஒப்பந்தத்தை முறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கும்போது, மேலாளர் காவலாளியிடம் சொன்னது காதில் விழுந்தது: "அவர் கார் நிறுத்துற இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவார்."

அந்தக் கார் நிறுத்துமிடம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆறு மாதத்துக்குள் சொந்தமாக ஒரு பாட்டாவது வெளியிட வேண்டும். இப்போது ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பாட்டு வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

சுதந்திரம் என்பது நாலடிக்கு இரண்டடி. படுக்கையறைத் துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக் கூடம். மனைவி நீச்சல் பயிற்சியாளர். வீட்டில் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. எதிரொலியைத் தடுக்கச் சுற்றிலும் துண்டு, நடுவில் எரிமலை. எல்லாவற்றிலும் குளத்து குளோரின் வாசம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினாறு வரியையும் பாடிவிட்டுப் போட்டுக் கேட்டார். நாலாவது வரிக்குப் பிறகு "ஹ்ஹப்!" என்று ஒரு சத்தம். மின்விசிறியை நிறுத்தினார். மறுபடியும் "ஹ்ஹப்!" ஃப்ரிட்ஜைப் பிடுங்கினார். மாடி வீட்டு நாயைச் சந்தேகப்பட்டார். கடைசியில் காலை வகுப்பு முடிந்து தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"நான் பாடும்போது நீ மூச்சு விட்டியா?"

"நாப்பத்தாறு வருஷமா விடுறேன். ஏங்க, தப்பா?"

ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டாள். "இது நீங்கதான்."

"நானா? நான் நடுவுல மூச்சே விட மாட்டேனே!"

"அப்போ ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

எரிமலை, கம்பெனியில் இருபது வருடமும் தன் பாட்டுகளைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளருக்குப் போன் போட்டார்.

"தம்பி, நாலு வரிக்கு ஒரு தடவை ஏதோ 'ஹப்'புன்னு வருது. மைக் கோளாறா?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது உங்க மூச்சுண்ணே. வழக்கமா நான் வெட்டிடுவேன்."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாப் பாட்டுலயும்."

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தப் பேட்டியை நானும் பாத்தேன்ணே. சொல்ல மனசு வரல. ஒரு தடவை ஒரு ஆல்பத்துல வெட்டினதையெல்லாம் சும்மா ஒட்டிக் கேட்டேன். நாலு நிமிஷம் வந்துச்சு. புயல் அடிக்கிற மாதிரி இருந்துச்சுண்ணே."

எரிமலை கட்டிலில் உட்கார்ந்தார்.

"இதையும் அனுப்புங்கண்ணே, வெட்டித் தர்றேன். என்ன, கம்பெனி மிஷின்லதான் செய்யணும். மேலாளர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு..."

கார் நிறுத்துமிடம் கண்முன் வந்து நின்றது. போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை, சொன்ன சொல்லை உண்மையாக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலமாரிக்குள் நுழைந்தார். ஏழாவது வரியில் காது அடைத்தது. ஒன்பதாவது வரியில் கண்ணில் பூச்சி பறந்தது. பிடிமானத்துக்குத் துணி மாட்டும் கம்பியைப் பிடித்தார். கம்பியும் கலைஞரும் சேர்ந்தே விழுந்தார்கள். மனைவி துண்டுக் குவியலிலிருந்து அவரைத் தோண்டி எடுத்தாள்.

"என் வகுப்புல ஆறு வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. மூச்சே வாங்காம குளத்தைத் தாண்டிடுவேன்னு அடம் பிடிப்பா. தினம் பாதிக் குளத்துல நான்தான் தூக்கிட்டு வருவேன்."

"அவளும் நானும் ஒண்ணா?"

"சேச்சே, அவ இப்போ கத்துக்கிட்டா," என்று சொல்லிவிட்டு மாலை வகுப்புக்குக் கிளம்பிப் போனாள்.

எரிமலை கதவைத் தாழிட்டார். கம்பியைத் திரும்ப மாட்டினார். பாட்டெழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வரிகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம் போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தார்.

நாலாவது வரி முடிந்தது. வயிறு நிறைய, தாராளமாக ஒரு பலூன் ஊதும் அளவுக்கு மூச்சு வாங்கினார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை பாட்டு வெளியானது. மூன்று "ஹ்ஹப்"பும் அதில் அப்படியே இருந்தன.