கம்பியூட்டருக்குள் இருந்த துறைமுகம்

1. செருப்பைக் கழற்றிய நாள்

எங்கள் கந்தோருக்கு முதல் கம்பியூட்டர் வந்த அன்று முதலாளி எல்லோரையும் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கம்பியூட்டருக்குக் கிருமி வரும் என்று கொழும்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது காலோடு வரும் கிருமி என்று மனிதர் நினைத்துவிட்டார். மொனிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்துக் கற்பூரமும் கொளுத்தினார். அதற்குப் பிறகுதான் பிளக்கைச் செருகினோம்.

திருகோணமலை நகரத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக் கந்தோர் அது. சண்டைக் காலம். முதலாளி, கணக்கர், தளங்களைப் பார்க்கும் ஓவசியர்மார், படவரைஞராக நான். அதுவரை ட்ரேசிங் பேப்பரில் மைப்பேனையால் கீறிக்கொண்டிருந்தேன். பிழை விட்டால் பிளேட்டால் சுரண்டவேண்டும். கீறிய படத்தைப் பிரதி எடுக்க அமோனியா மெஷின் இருந்தது. அந்த மணம் தலைமயிரிலும் சோற்றிலும் ஏறும். இன்றைக்குச் சிலர் அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறார்கள். நான் ட்ரேசிங் பேப்பரை நினைத்து உருகுவேன், அமோனியாவை நினைத்து உருகமாட்டேன். ஆனால் அந்த அறையையும் அதில் இருந்த மனிதர்களையும் நினைத்தால் நெஞ்சு இளகத்தான் செய்கிறது.

கொழும்பில் ஒரு வகுப்புக்குப் போய், கம்பியூட்டரில் படம் கீறுகிற ஓட்டோகாட் படித்துவிட்டு வந்தேன். அதில் எனக்கு அதிகம் பிடித்தது லேயர். சுவர் ஒரு லேயர், வயர் ஒரு லேயர், தண்ணீர்க் குழாய் இன்னொன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது மாதிரி. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மறைத்தது அழிந்துபோகாது, உள்ளே இருக்கும். இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

2. வெள்ளையாக விட்ட கடல்

எங்கள் வேலைகளில் பாதி கடற்குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர், தோப்பூர் பகுதிகளில். லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் போகவேண்டும். சீமெந்து, கம்பி, பற்றரி எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். படங்களுக்கும் வேண்டும். இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் அதிகாரி ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்த்து முத்திரை குத்துவார். அதற்குப் பிறகுதான் அது லோஞ்சில் ஏறலாம்.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கட்டடம் எந்த ஊரில் வருகிறது என்று காட்டும் சின்ன வரைபடம் ஒன்று இருக்கும், உள்ளங்கை அளவில். அதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத சட்டம். மூதூர்ப் பக்கக் கரையையும் தெருவையும் கீறுவோம். குடாவை வெள்ளையாக விட்டு, நடுவில் 'கடல்' என்று மட்டும் எழுதுவோம். துறைமுகம், எண்ணெய் நிரப்பி வைக்கும் குதங்கள், முகாம்கள் ஒன்றும் இருக்காது. அவற்றைக் கீறினால் உளவு பார்க்கிறோம் என்று பிடித்துவிடுவார்கள். எங்கள் படங்களைப் பார்க்கிறவனுக்குத் திருகோணமலை என்று ஒரு ஊர் உலகத்தில் இருப்பதே தெரியவராது. நகரத்தில் இருந்த எல்லாப் படவரைஞர்களும் அப்படித்தான் கீறினோம்.

3. பிரிக்காத ரோல்

மூதூரில் ஒரு பிரசவ வார்டு கட்டும் வேலை வந்தது. நான் கம்பியூட்டரில் கீறிய முதல் முழுப் படம் அதுதான். பெரிய தாளில் அடிக்கும் பிளொட்டர் எங்களிடம் இல்லை. ஆகவே படத்தைப் பிளொப்பித் தட்டில் ஏற்றிக் கொழும்புக்குப் பஸ்ஸில் அனுப்பினேன். அங்கே ஒரு கந்தோரில் அடித்து, ரோலையும் பிளொப்பியையும் பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தத் தளத்தின் ஓவசியர் நஸீர் நானா. மூதூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானா என்றால் அண்ணன், அவரும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று காலை லோஞ்சில் வந்து, பஸ் ஸ்டாண்டில் பார்சலை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார். பிளொப்பியை என்னிடம் தந்தார். நான் ரோலைப் பிரிக்கக் கை வைத்ததும் முதலாளி சத்தம் போட்டார்.

"பிள்ளை, அதைப் பிரிக்காத! மடிப்பு விழுந்தா இன்னொருக்கா அடிக்க ஏலாது. அப்பிடியே கொண்டு போகட்டும்."

நஸீர் நானா குழந்தையைத் தூக்குவது மாதிரி ரோலைத் தூக்கிக்கொண்டு போனார். கலரில் அடித்த படத்தை முதல் தரம் ஊருக்குக் கொண்டுபோகிற பெருமை அவருக்கு.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் இறங்குதுறையில் கடலைக்கடை வைத்திருப்பவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார்.

"ஐயா, உங்கட ஓவசியரைப் பிடிச்சு வைச்சிருக்கினம். கொண்டு போன படத்தில ஏதோ இடத்தின்ர மப்பு இருந்ததாம். பின்னேரம் பெரிய முகாமில இருந்து வாகனம் வருமாம், அதில ஏத்தப்போகினமாம்."

அந்த வாகனத்தில் ஏறுவதென்றால் என்னவென்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. விசாரித்துவிட்டு விட்டால் விட்டதுதான். விடாவிட்டால் எங்கே என்று கேட்டுப் போக ஒரு வாசல் இருக்காது. முதலாளி கதிரையில் இருந்துவிட்டார். நான் பிளொப்பியைப் போட்டுப் படத்தைத் திறந்தேன்.

மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில் கடல் வெள்ளையாக இல்லை. துறைமுகம் முழுவதும் இருந்தது. ஜெட்டிகள், குதங்கள், கட்டடங்கள், ஆழம் காட்டும் இலக்கங்கள். என்னுடைய வெறும் மூலையைப் பார்த்த, கொழும்பில் படம் அடித்த தம்பி, இந்தப் பிள்ளை அரைகுறையாக விட்டிருக்கிறாளே என்று இரங்கி, தங்கள் கந்தோரில் இருந்த குடா வரைபடத்தை எடுத்து ஒட்டியிருக்கிறான். எல்லா லேயரையும் போட்டு, அழகாக நீலத்தில் அடித்தும் விட்டான். கொழும்பில் இருக்கிறவனுக்கு எங்கள் வெள்ளைக் கடலின் அர்த்தம் எப்படித் தெரியும்?

நஸீர் நானாவோ அதைத் தானே அதிகாரிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு விரித்திருக்கிறார்.

4. மடியில் மொனிட்டர்

வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது. லேயர் என்றால் என்ன என்று கண்ணால் காணாத ஒருவருக்கு எப்படிச் சொல்வது?

"ஐயா, கம்பியூட்டரைக் கொண்டு போய்க் காட்டவேணும்" என்றேன்.

அந்த மெஷினை யாரும் தொட்டாலே துள்ளுகிற மனிதர் அவர். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பிப் போய்ப் பிளக்கைத் தானே பிடுங்கினார். "தலையணை ஒண்டு எடு பிள்ளை. டிவி மாதிரி இருக்கிறத மடியில வைச்சுக்கொள்" என்றார். அந்த நிமிடத்தில் அவர்மேல் இருந்த பழைய கோபங்கள் எல்லாவற்றையும் நான் மன்னித்தேன். சில கோபங்கள் பிறகு திரும்பி வந்தன, அது வேறு கதை.

ஓட்டோ ஒன்றில் போனோம். என் மடியில் மொனிட்டர், முதலாளியின் மடியில் சிபியு, கீபோர்ட் ட்ரைவரின் காலடியில். வழியில் சென்றியில் நின்ற சிப்பாய் ஒருவன் மறித்து, டிவியில் படம் பார்க்கப் போகிறோமா என்று கேட்டான். முதலாளி "ஓம் ராசா" என்றார். அவனும் சிரித்துக்கொண்டு விட்டான்.

சாவடியில் நஸீர் நானா ஒரு நீள மர வாங்கில் குந்தியிருந்தார். அடி ஒன்றும் விழுந்திருக்கவில்லை. சேட்டு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

5. அதிகாரி கேட்ட கேள்வி

அதிகாரி எங்களுக்குப் பழக்கமான ஆள்தான். பல தரம் என் படங்களுக்கு முத்திரை குத்தியவர். தமிழ் கொஞ்சம் வரும்.

"மிஸ், நீங்க எப்பவும் கடல் மட்டும் போடுறது. இண்டைக்கு ஏன் இது?" என்று நீலப் படத்தைத் தட்டினார்.

நான் மெஷினை அவருடைய மேசையில் வைத்து, வயர்களைப் பூட்டி, படத்தைத் திறந்து, துறைமுக லேயரை மறைத்தேன். நீலம் முழுவதும் போய் என் வெள்ளைக் கடல் வந்தது. பின்னால் நின்ற சிப்பாய்கள் கிட்ட வந்தார்கள். திரும்பக் காட்டினேன், திரும்ப மறைத்தேன். எங்கள் வழக்கம் தெரியாமல் கொழும்பில் ஒட்டி அடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். முதலாளி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அதிகாரி வெறும் வெள்ளையைப் பார்த்தபடி கேட்டார்: "இப்ப அது எங்க?"

முதலாளி முந்திக்கொண்டார். "போயிட்டுது சேர். சுத்தமாப் போயிட்டுது."

"நான் மிஸ்ஸைக் கேட்டது."

ஓம் என்றால் அலுவல் முடிந்திருக்கும். ஆனால் அவர் கையை நீட்டி மௌஸைத் தட்டினால் துறைமுகம் திரும்ப வந்துவிடும். பொய் பிடிபட்டால் வாகனத்தில் நஸீர் நானா மட்டும் ஏறமாட்டார். அதைவிட, எனக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும்.

"போகேல்ல சேர். உள்ளுக்கதான் இருக்குது. கண்ணுக்குத் தெரியாமல் வைச்சிருக்கிறன்."

வாங்கில் இருந்து ஒரு பெருமூச்சு. நஸீர் நானா கண்ணை மூடியிருந்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்கவேண்டும்.

அதிகாரி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். "அப்ப நான் முத்திரை குத்துற பேப்பருக்கு உள்ளுக்க வேற என்ன இருக்கு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது சேர். எல்லாத்தையும் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"போடுங்க. பெரிசாக் காட்டுங்க."

எல்லா லேயரையும் போட்டேன். மூலையில் உள்ளங்கை அளவில் இருந்த வரைபடத்தைத் திரை முழுவதும் நிறையும்படி பெருப்பித்தேன். தாளில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துகள் இப்போது வாசிக்கக்கூடியதாக வந்தன. அதிகாரி விரலைத் திரையில் வைத்துக் கரையோரமாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்ப அதே வழியால் போய்த் திரும்ப வந்தது.

"என்ட போஸ்ட் எங்க?"

சாவடி இல்லை. அது நின்ற இறங்குதுறையும் இல்லை. அந்த இடத்தில் வெறும் மணல். அதற்குப் பக்கத்தில், இடிந்து போய் எங்கள் காலத்தில் அத்திவாரமும் மிஞ்சாத ஒரு பண்டகசாலை பெரிதாக நின்றது. ஏதோ ஆதி காலத்து வெள்ளைக்காரன் மப்பை அந்தத் தம்பி கம்பியூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். தாளில் பார்த்தபோது சின்ன எழுத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அதிகாரி சிப்பாய்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். நீலப் படத்தை மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"இது பழைய மப்பு, ஒருத்தருக்கும் உதவாது. இஞ்ச இருக்கும். ஆள் போகலாம். இனி அடிக்க முதல் எல்லாம் போட்டுப் பாருங்க, மிஸ்."

6. நஸீர் நானாவின் கை

வெளியே வந்ததும் நஸீர் நானா மதகில் குந்திக்கொண்டு ஒரு போத்தல் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

"தங்கச்சி, உள்ளுக்க இருக்குது எண்டு நீங்க சொன்ன நேரம் எனக்கு உங்களில வந்த கோவம்... படைச்சவனுக்குத்தான் தெரியும்."

"இப்ப?"

"இப்பவும் கோவம்தான். நாளைக்குப் போயிரும்."

போய்விட்டது. அடுத்த கிழமை கொழும்பில் இருந்து புது ரோல் வந்தது. அவர் அதை நேரே இறங்குதுறைக்குக் கொண்டு போகவில்லை. கந்தோரில் என் மேசைக்குக் கிட்ட வந்து, "எல்லாத்தையும் போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டேன். ரோலையும் விரித்து, திரையையும் தாளையும் மூலை மூலையாகப் பார்த்தோம். மடிப்பு விழுந்தது. முதலாளி வாய் திறக்கவில்லை.

அவர் ரோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைக்கும்போது கை நடுங்கியது. இரண்டு தரம் நழுவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். வார்டு எழும்பி முடியும்வரை ஒவ்வொரு படத்தையும் அவர்தான் கொண்டு போனார், அந்தக் கை கடைசிவரை நடுங்கியது.

இப்போது ஒரு கட்டடத்தின் முழு மொடலும் போனில் போகிறது. கம்பி, குழாய், வயர், கதவுப் பிடி வரைக்கும் அதற்குள் இருக்கிறது. புதுத் தொழில்நுட்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். நஸீர் நானாவை அந்த வாங்கில் இருந்து எழுப்பியது அதுதான், அவரை அங்கே இருத்தியதும் அதுதான். நான் சொல்ல நினைப்பது வேறு. என் படத்தைக் கொண்டு போனவருடைய கையை நான் கண்ணால் கண்டேன். இன்றைக்குப் படம் கீறுகிற நீங்கள் பொத்தானை அமத்தினால் படம் போய்விடுகிறது. அதை வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு தளத்தில் நிற்கப்போகிறவருடைய கையை நீங்கள் காணப்போவதில்லை. அதனால் பிள்ளைகளே, அனுப்ப முதல் எல்லா லேயரையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.