நான் இருந்து சாப்பிட்ட பெட்டி

நான். மனைவி. பன்னிரண்டு வயது மகள். போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்பேர்ணில் பழம்பொருட்கள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலைக்குப் போனோம். ஹவாய்த் தீவு மக்களின் மண்டபத்தைப் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். அங்கே சுவர் தேய்த்துப் பெயின்ற் அடித்தவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு ரிக்கற் இலவசம்.

இறகால் செய்த போர்வை, மர வள்ளம் எல்லாம் பார்த்தோம். மனைவி சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கட குசினியை அடிக்க மட்டும் உங்களுக்கு நேரமில்லை" என்றாள்.

கடைசியில் ஒரு கண்ணாடி அலுமாரி வெறுமையாக இருந்தது. மகள் பக்கத்துப் பலகையை வாசித்துச் சொன்னாள். முந்தி அந்த மக்களின் எலும்புகளைப் புதைகுழியிலிருந்து எடுத்துவந்து இங்கே வைத்திருந்தார்களாம். இப்போது ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அனுப்பிய அன்று எடுத்த படமும் இருந்தது. நாலு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். ஒரு மூலையில் தகடு கழன்றிருக்கும். வேலை நடந்தபோது பின்பக்க நடையில் கிடந்தது. மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. யாரிடமும் கேட்கவுமில்லை. மூன்று நாள் அதன்மேல் இருந்துதான் மத்தியானம் சாப்பிட்டேன்.

என் அண்ணா எங்கள் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். ஒரு எலும்பு கிடைத்தாலும் போதும் என்றிருக்கிற குடும்பம் எங்களுடையது.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல, அந்தத் தீவுப் பெண் ஒருவர் மண்டபத்தில் நின்றார். அவரிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? விசாவும் இன்னும் வரேல்லை. இருக்கிற வேலையையும் துலைக்கப் போறியள்" என்றாள் மனைவி.

"ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே அப்பா. லீவ் இற், விடுங்கோ" என்றாள் மகள்.

"நீ இங்கிலீஷில சொல்லு" என்றேன்.

மகள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். அந்தப் பெண் ஏசவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சோறும் பருப்பும் என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அது தன்னால் முடியாது என்றார். பெட்டிக்குள் கிடந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் போய்விட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரி.

பெட்டிக்குள் எத்தனை பேர் என்று மகளைக்கொண்டு கேட்டேன். அதையும் சொன்னார்.

அண்ணா கிடக்கிற இடத்திலும் யாரோ இருந்து சோறு சாப்பிடலாம். அந்த ஆளும் என்னைப்போலத் தெரியாமல்தான் சாப்பிடுவான். முந்தி அதை நினைத்தால் கோபம் வரும். இப்போது கோபப்படவும் எனக்கு வாயில்லை.

பெட்டிக்குள் ஒன்பது பேர்.